மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த கணினி

“இந்தக் கோப்பு இன்னும் பல நூறு நாட்களுக்குச் செல்லாது.”

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில், பழைய அரசு மடிக்கணினி ஒன்றின் கறுப்புத் திரையில் வந்து நின்ற ஆங்கிலச் செய்தியின் சாரம் இது. லினக்ஸைப் புதுப்பிக்க ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று தட்டிய கல்லூரி மாணவர், “நெட் ஸ்லோவா இருக்குண்ணா, அதான்” என்றார். “வைரஸா இருக்கும் தம்பி, ஃபார்மட் அடிச்சிடலாம்” என்றார் கடைக்காரர். இரண்டும் இல்லை. திரையின் மூலையில் தெரிந்த தேதி ஒரு வருடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அதை இருவருமே பார்க்கவில்லை.

கணினியை அணைத்து வைத்திருக்கும்போதும் நேரம் ஓட வேண்டும் என்பதற்காக மதர்போர்டில் காசு அளவில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் 3 வோல்ட் சி.ஆர்.2032. பல வருடம் அலமாரியில் கிடந்த மடிக்கணினியில் அது செத்துப்போயிருந்தது. இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். நேற்று வெளியான மென்பொருள் பட்டியல், போன வருடத்தில் நின்றுவிட்ட கணினிக்கு எதிர்காலத்திலிருந்து வந்த கடிதமாகத் தெரிகிறது. அதனால் ‘மாட்டேன்’ என்கிறது. பழுது என்று பார்த்தால் பேட்டரியில்தான். செய்தி சொன்ன மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அப்டேட் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ரகம் என்பது என் கணிப்பு.

இப்படிப்பட்ட மடிக்கணினிகள் நம் வீடுகளில் ஏராளம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி பெற்றார்கள். விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னோர் இயங்குதளமும் அவற்றில் வந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாமல் விண்டோஸில் படம் பார்த்தார்கள் என்பது வேறு கதை. பாஸின் அடித்தளம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் அறிவித்த திட்டம் அது. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, மின்ட், பாஸ் எல்லாவற்றிலும் மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, நீக்குவது எல்லாமே ‘ஆப்ட்’ என்ற பொதி மேலாளரின் பொறுப்பு. மவுஸ் இல்லாமல் கட்டளை வரியில் பேசிக்கொள்வது அதன் பழக்கம்.

‘அப்டேட்’ என்று தட்டினால் மென்பொருள் எதுவும் புதிதாகிவிடாது. இது பலருக்குத் தெரியாது. மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் இன்றைக்கு என்னென்ன பொதிகள் உள்ளன, எந்தெந்தப் பதிப்பு என்ற பட்டியல் மட்டும் வந்து சேரும். அதை வைத்துப் பொதிகளை இறக்கி நிறுவுவது ‘அப்கிரேட்’. பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் எஸ்.எச்.ஏ.256 முறையில் கணக்கிட்ட ஒரு கைரேகை இருக்கும். பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். பட்டியலுக்கே ஒரு கைரேகை உண்டு. அது ‘ரிலீஸ்’ என்ற இன்னொரு சின்னக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பில் மட்டும் டெபியன்காரர்கள் மின்னணுக் கையெழுத்துப் போடுகிறார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் 64,419 பொதிகள். அத்தனைக்கும் சேர்த்து இந்தக் கையெழுத்துதான் ஜாமீன். அதைச் சரிபார்க்கும் சாவி நம் கணினியிலேயே முன்கூட்டி இருக்கும். ஆகவே பொதி எந்த ஊர் சர்வரிலிருந்து, யார் கம்பி வழியாக வந்தாலும் கவலையில்லை. நடுவில் யாராவது கைவைத்தால் ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ என்று ஆப்ட் நின்றுவிடும். சாவியைக் காணவில்லை என்றால் ‘நோ பப்கீ’ என்று ஒரு நீண்ட எண்ணோடு புகார் செய்யும்.

இதில் தேதிக்கு என்ன வேலை? கையெழுத்து உண்மையானதாக இருந்தும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. மூன்று மாதத்துக்கு முந்தைய அசல் பட்டியலையே ஒருவன் திரும்பத் திரும்ப உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், ஓட்டைகள் அடைக்கப்பட்ட புதிய பதிப்புகள் வந்ததே உங்களுக்குத் தெரியாது. இதைத் தடுக்கத்தான் டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியப் பட்டியலில் காலாவதித் தேதியும் போடுகிறார்கள். கடிகாரம் பொய் சொன்னால் இந்தக் காவல் முழுக்க வீண். கடையில் தேதியைத் திருத்திவிட்டு மறுபடி தட்டியதும் பட்டியல் சரசரவென்று இறங்கியது.

திருவண்ணாமலைக்கு வந்து லாட்ஜில் தங்கி, அங்கிருக்கும் வைஃபையில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கும். செல்போன் எண் கொடுத்து ஓ.டி.பி. வாங்கினால்தான் இணையம் என்ற ஏற்பாடு இருக்கும் இடங்களில், எந்த முகவரியைக் கேட்டாலும் முதலில் வருவது அந்த லாகின் பக்கம்தான். ஆப்ட் பட்டியலைக் கேட்கிறது, கைக்கு வருவது லாட்ஜின் வரவேற்புப் பக்கம். அதில் கையெழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, ‘இந்த நெட்வொர்க்கில் நுழைய அனுமதி வாங்க வேண்டுமோ?’ என்று அடைப்புக்குறிக்குள் நம்மையே கேட்கும். ஒரு பிழைச் செய்தி இவ்வளவு சமயோசிதமாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் பாதையும் மனிதத் தலைகளாக இருக்க, செல்போன் சிக்னல் திணறிப் பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் அதற்குப் பதற வேண்டியதில்லை. வந்தவரைக்கும் ‘பார்ஷியல்’ என்ற கோப்புறையில் கிடக்கும். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்து, பூட்டு. ‘லாக் கிடைக்கவில்லை’ என்ற செய்தி வந்ததும் அந்தப் பூட்டுக் கோப்பையே அழித்துவிடச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. மோசமான அறிவுரை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொதிகளைக் கையாளக் கூடாது என்பதற்குத்தான் பூட்டு. உபுண்டுவில் கணினியைத் திறந்த சற்று நேரத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பின்னணியில் தாமாக ஓடும். பூட்டை வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். எந்த நிரல் வைத்திருக்கிறது என்று அதன் எண்ணோடு பெயரையும் அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் பூட்டு திறந்திருக்கும். கோப்பை அழித்தால் உள்ளே இருப்பவரும் வேலையைத் தொடர்வார், நீங்களும் நுழைவீர்கள், பதிவேடு குழம்பும்.

பொதிகளைப் பிரித்துப் போடும் கடைசிநிலை வேலையைச் செய்வது ஆப்ட் அல்ல, அதன் கீழே இருக்கும் டி.பி.கே.ஜி. ஆப்டைவிட மூத்தது, 1994-ல் பிறந்தது. நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்து எழுதப்பட்ட மென்பொருள். புதிய கோப்பை வேறு பெயரில் முழுசாக எழுதி முடித்த பிறகே பழைய பெயருக்கு மாற்றுகிறது. பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடக்கிற காரியம். அதனால் எந்த நொடியில் மின்சாரம் போனாலும் ஒரு கோப்பு பழையதாக இருக்கும், இல்லை புதியதாக இருக்கும். பாதியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எந்தப் பொதி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் ஒரு பதிவேட்டில் ஏறிக்கொண்டே வரும். அடுத்த முறை ஆப்டை ஓட்டியதும் ‘வேலை பாதியில் நின்றுபோனது, இந்தக் கட்டளையைக் கொடுங்கள்’ என்று கட்டளையையே எழுதிக் காட்டுகிறது: ‘சூடோ டி.பி.கே.ஜி. --கன்ஃபிகர் -ஏ’. அப்படியே தட்டினால் போதும்.

உண்மையிலேயே கடினமானது ‘அன்மெட் டிபென்டன்சீஸ்’. ஒரு பொதிக்கு வேண்டிய வேறு பொதிகள் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. பெரியப்பா வந்தால்தான் அத்தை வருவார். அத்தை வந்தால் சின்ன மாமா வாசற்படி மிதிக்க மாட்டார். சின்ன மாமா இல்லாமல் தாலி ஏறாது என்கிறது சம்பந்தி வீட்டுப் பக்கம். மொத்தம் முப்பது பேர், ஒவ்வொருவரையும் கூப்பிடுவதா வேண்டாமா என்று பார்த்தாலே சாத்தியங்கள் 107 கோடி. நாற்பது பேரானால் அது ஆயிரம் மடங்கு. ஐரோப்பாவின் ‘ஈடாஸ்’ ஆய்வுத் திட்டத்தில் இருந்த ராபர்ட்டோ தி காஸ்மோ முதலானோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, பொதிச் சார்புகளைத் தீர்ப்பது கணினியியலில் ‘என்.பி.-முழுமை’ எனப்படும் வகையைச் சேர்ந்தது என்று காட்டியது. எல்லாச் சமயத்திலும் வேகமாக விடை தரும் வழி அந்த வகைக் கணக்குகளுக்கு இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. நடைமுறையில் சார்புகள் அவ்வளவு கொடூரமாகப் பின்னியிருப்பதில்லை, அதனால் ஆப்ட் சில நொடிகளில் விடை சொல்லிவிடுகிறது. 2025-ல் வந்த ஆப்ட் 3.0-ல் இதற்கென்றே புதிதாக எழுதிய ஒரு தீர்வுநிரலும் சேர்ந்திருக்கிறது.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று துருவினால், பெரும்பாலும் நாம் வெளியிலிருந்து சேர்த்த ஏதோ ஒரு களஞ்சியம், அல்லது எங்கேயோ இறக்கி நிறுவிய ஒற்றைப் பொதி. முதலில் அதை விலக்க வேண்டும். பிறகு ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. திரையின் கடைசி வரியைப் படிப்பதை விட்டுவிட்டு, மேலே ஏறிப்போய் முதலில் வந்த பிழையைப் படிக்க வேண்டும். கீழே இருப்பவை அதன் எதிரொலிகள். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் ‘வார்-லாக்-ஆப்ட்’ கோப்புறையில் ‘ஹிஸ்டரி’ என்ற பதிவு இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் எது ஏறியது, எது போனது என்று அதில் அத்தனையும் உண்டு. பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வி.ஜி.எல்.யு.ஜி. போன்ற குழுக்களிடம் உதவி கேட்டுப் போகிறவர்கள், ‘ஒர்க் ஆகல’ என்ற ஒற்றை வரிக்குப் பதில் இந்தப் பதிவையும் அந்த முதல் பிழையையும் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆப்ட் ‘மாட்டேன்’ என்றபோது கட்டாயப்படுத்தியவர் கதை ஒன்று உலகப் பிரசித்தம். 2021 நவம்பரில் வெளியான வீடியோவில், கனடா யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் ‘பாப் ஓ.எஸ்.’ என்ற லினக்ஸில் ‘ஸ்டீம்’ விளையாட்டுச் செயலியை நிறுவப் பார்த்தார். வேண்டிய ஒரு 32-பிட் பொதி களஞ்சியத்துக்கு வந்து சேராததால் கணக்கு இடித்தது. ஸ்டீமைப் போட வேண்டுமானால் திரைமுகப்பையே மொத்தமாக நீக்க வேண்டும் என்று ஆப்ட் கண்டுபிடித்தது. இது ஆபத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாவிட்டால் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது. அதையும் மீற வேண்டுமானால் ‘ஆமாம், நான் சொன்னதைச் செய்’ என்ற வாக்கியத்தை முழுசாக ஆங்கிலத்தில் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். கேமராவுக்கு முன்னாலேயே திரை கறுத்துப்போனது. அவரைக் கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு வரி ஓடும் திரையில் அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போவது மனித இயல்பு. ஆப்டை எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலும். அடுத்துவந்த பதிப்புகளில் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது அத்தியாவசியப் பொதியை நீக்க வேண்டுமானால் அதற்கென்று தனி விருப்பத்தை நாமே கட்டளையில் எழுத வேண்டும்.

ஆனால் இந்தக் கையெழுத்து, கைரேகைக் காவலுக்கெல்லாம் ஓர் எல்லை இருக்கிறது. பொதி வழியில் மாறவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. பொதியை எழுதியவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. ‘எக்ஸ்.இசட்.’ என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், ஏறத்தாழ எல்லா லினக்ஸிலும் இருப்பது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக அதற்கு உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியப் பின்கதவை வைத்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் களஞ்சியத்துக்குள் முறையாகவே நுழைந்தன. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட், தொலைவிலிருந்து தன் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவிக்கொண்டு போய், 2024 மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியிட்டார். அவர் அந்த அரை விநாடியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அடுத்த நிலையான பதிப்பிலும் அந்தப் பொதி இடம்பிடித்திருக்கும். கையெழுத்து சரி, கைரேகை சரி, தேதியும் சரி. ஆப்ட் ஒரு வார்த்தை மறுக்காமல் நிறுவியிருக்கும்.