உடைந்த பைப்புக்கு வெள்ளிப் பூண்! "அப்பா பல் தடத்தை மட்டும் அழிச்சிடாதீங்க!"

பைப் உடைந்துவிட்டது என்றால் நம் ஊரில் பிளம்பரைத் தேடி ஓடுவார்கள். இது அந்தப் பைப் அல்ல. அந்தக் காலத்துத் துரைமார்கள் வாயோரத்தில் கவ்விக்கொண்டு புகை விடுவார்களே, அந்தப் பைப்!

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை ரிப்பேர் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தபாலில் பார்சல் வரும். பிரித்தால் உள்ளே இரண்டு துண்டு. அப்படி வருவதில் பல, இறந்துபோன அப்பாவுடையது, தாத்தாவுடையது. அனுப்பிய மகனுக்குப் புகைபிடிக்கும் பழக்கமே இருக்காது. எப்படியாவது ஒட்டிக் கொடுத்தால் போதும்!

தூக்கி எறிந்த காலம்

ஒரு காலத்தில் பைப்பை யாரும் ரிப்பேர் செய்ததில்லை. சுட்ட களிமண்ணில் செய்தார்கள். விலை மலிவு. உடைந்தால் வீசிவிட்டு வேறு வாங்கினார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் வடியும் நேரத்தில் கரையில் நடந்தால், அந்தக் களிமண் துண்டுகள் இன்றும் காலில் இடறும்.

பிரான்சில் ஜூரா மலைப்பகுதியில் செயிண்ட் கிளோடு என்று ஓர் ஊர். ஜெபமாலை மணியும் மரச் சாமானும் கடைந்து பிழைத்த ஊர். 1850-களில் அங்கே 'பிரையர்' கட்டையில் பைப் கடைய ஆரம்பித்தார்கள். மத்திய தரைக்கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதரின் வேரோடு திரண்டிருக்கும் முண்டுதான் பிரையர். நெருப்பை வைத்தாலும் லேசில் கருகாது. ஆனால் முண்டை வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். இவ்வளவு பாடுபட்டதைத் தூக்கி எறிய மனசு வருமா? ரிப்பேருக்கு வேலை வந்தது.

சுடச்சுட இழுத்தால் 'டக்!'

பைப்பில் இரண்டே பாகம். புகையிலை போடும் குடுவையும் அதன் கழுத்தும் ஒரே கட்டை. வாயில் வைக்கும் குழல் தனி. பழைய பைப்புகளில் குழல் பெரும்பாலும் எபோனைட். ரப்பரில் கந்தகம் கலந்து கெட்டியாக்கியது. பழைய பவுண்டன் பேனாக்களின் உடம்பும் அதே சரக்குதான். குழலின் நுனியில் தச்சர்கள் 'கழுந்து' என்பார்களே, அப்படி ஒரு முனை இருக்கும். அது கழுத்துத் துளைக்குள் இறுக்கமாக உட்காரும்.

உடைவது பெரும்பாலும் அந்தக் கழுந்துதான். பிடித்து முடித்த சூட்டோடு குழலைப் பிடுங்குவார்கள். சூட்டிலும் ஈரத்திலும் எல்லாம் உப்பி இறுகியிருக்கும் நேரம் அது. 'டக்' என்று ஒரு சத்தம். "ஐயோ, போச்சே!"

இன்னும் சில பேர் சாம்பலைத் தட்ட பைப்பை பூட்ஸ் குதிகாலில் மோதுவார்கள். அதில் போவது கழுத்து.

உலக்கைக்குப் போடுவது போல

கழுந்து முறிந்தால் பிழைத்தது. உள்ளே மாட்டிய துண்டில் ஒரு திருகாணியை மெதுவாக ஏற்றி வெளியே இழுப்பார்கள். வரவில்லையா? பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி முயற்சி. பிறகு குழலின் முகத்தைச் சமமாக அராவி, நடுவில் துளையிட்டு, 'டெல்ரின்' என்ற வழவழப்பான பிளாஸ்டிக்கில் புதுக் கழுந்து பதிப்பார்கள். துளை ஒரு மயிரிழை தப்பினாலும் குழல் கோணிக்கொள்ளும்.

கழுத்து முறிந்தால் வேலை கூடுதல். முதலில் வருஷக்கணக்கில் படிந்த கறையைச் சாராயத்தில் நனைத்த பஞ்சுக் கம்பியால் சுரண்ட வேண்டும். கறை மேல் எந்தப் பசையும் பிடிக்காது. அப்புறம் உள்ளே மெல்லிய உலோகக் குழாய், சுற்றி எபாக்சி பசை. மேலே, உலக்கைக்குப் போடுவது போல, ஒரு வெள்ளிப் பூண். முறிந்த இடமே நகை போட்டது மாதிரி ஆகிவிடும்!

குடுவையே நெருப்பில் ஓட்டை விழுந்தால்தான் சிக்கல். அங்கே பசை சூடு தாங்காது. ஓட்டையைக் குடைந்து பிரையர் துண்டை அடைப்பதுண்டு. திரும்பவும் பிடிக்கலாமா என்றால் பலர் தலையை ஆட்டுகிறார்கள்.

புதுசா, பழசா?

உண்மையான தகராறு இங்கேதான். புதுக் குழலே கடைந்து மாட்டிவிட்டால் ரிப்பேர்காரருக்கு ஒரு தலைவலியும் இல்லை. பளபளவென்று இருக்கும். ஆனால் பழைய குழலில் பல் தடம் இருக்கிறது. இருபது முப்பது வருஷம் ஒரே இடத்தில் கடித்த தடம். எபோனைட்டை லேசாக அனலில் காட்டினால் அந்தப் பள்ளம் தானே எழும்பி மறைந்துவிடும். வழக்கமாக அதைத்தான் செய்வார்கள்.

"அது எங்கப்பா பல்லு. அதை மட்டும் தொடாதீங்க" என்கிறார்கள் பிள்ளைகள்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஏராளம். சுத்தப் பொய்! உதடு, வாய், தொண்டை, நுரையீரல் என்று எல்லா இடத்திலும் புற்றுநோய் கொண்டுவரும். அப்பாவைக் கொண்டுபோனதே இந்தப் பைப்பாகவும் இருக்கலாம். தெரிந்தேதான் அனுப்புகிறார்கள்.

ஆகவே பழைய குழலுக்கே புதுக் கழுந்து. வெயில் பட்டு மஞ்சளும் பச்சையுமாக வெளுத்த மேல்தோலை மட்டும், பல் தடத்தைச் சுற்றி ஒதுக்கிவிட்டு, நைசான உப்புத்தாளில் தேய்ப்பார்கள். கடைசியில் குழலை மாட்டி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். மூட்டில் வெளிச்சம் கசியவில்லையா? பார்சல் கட்ட வேண்டியதுதான்.