காரில் பாட்டு: கெபாசிட்டரும் கெயினும்

தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கார் இல்லாத வீடு இன்று குறைவு. கார் வாங்கிய கையோடு பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், கரோல் பாக்குக்கோ கஷ்மீரி கேட்டுக்கோ போய் ஸ்டீரியோவை மாற்றுவது. நான்கு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் ஒரு பெரிய சப்ஊஃபர் பெட்டி. பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் இரவில் ஓட்டும்போது, ஒவ்வொரு தாளத்துக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. கடையில் போய்க் கேட்டால், "ஒரு ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி இன்னொரு பில் போடுகிறார்கள்.

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் குடியிருப்பில் உள்ள இளைஞர்கள், "மாமா, கெபாசிட்டர் போடலாமா? கெயினை எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்டு வருவார்கள். தனித்தனியே சொல்வதை விட நம் பத்திரிகையில் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். பணம் வீணாவது மட்டும் விஷயம் அல்ல. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ஹெட்லைட் மங்குவதும், டிக்கிக்குப் போகும் ஒயர் சூடாவதும் உயிர் சம்பந்தப்பட்ட சங்கதிகள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பெரம்பூர் ஐ.சி.எஃப். வகையைச் சேர்ந்த, ஏ.சி. இல்லாத ரயில் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு அடியில், சக்கரத்தின் அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இருக்கும். பக்கத்தில் 110 வோல்ட், 120 ஆம்பியர்-அவர் பேட்டரி. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் விளக்கையும் மின்விசிறியையும் இயக்கி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும். ஸ்டேஷனில் நின்றால் பேட்டரி மட்டுமே. விளக்கு மங்குகிறது என்று புகார் வந்தால் முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி செல் பலவீனமா, இணைப்பு லூசா என்று பார்ப்போம்.

காரிலும் ஏற்பாடு இதேதான். அளவு மட்டும் சிறியது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கிறது. சிறிய கார்களில் அதன் திறன் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் வரை. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது இது முழுதாகக் கிடைக்காது. ஹெட்லைட், ஏ.சி. மின்விசிறி, ரேடியேட்டர் விசிறி, எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்து 35, 40 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் பாட்டுக்கு.

இப்போது ஆம்ப்ளிஃபயரின் கணக்கைப் பாருங்கள். உண்மையான 500 வாட் கொடுக்கும் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 80 சதவீதத் திறனுடன் வேலை செய்கிறது என்றால், அது இழுப்பது 625 வாட். 13.8 வோல்ட்டில் இது 45 ஆம்பியர். பாட்டில் இந்த உச்சம் தொடர்ந்து இருப்பதில்லை, சராசரி இதைவிட மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு டிரம் அடிக்கும் அந்த உச்சம் வந்து போகிறது. அப்போது ஆல்டர்னேட்டரால் சமாளிக்க முடியாமல் வோல்ட் இறங்குகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். எல்.இ.டி. விளக்கு உள்ள புதிய கார்களில் மங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதால் மின் பற்றாக்குறை இல்லை என்று ஆகிவிடாது.

கெபாசிட்டர் என்ன செய்யும்?

கெபாசிட்டரை மின்தேக்கி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மின்விசிறிக்குப் போடும் கண்டென்சரும் இந்த இனம்தான். இது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. கொஞ்சம் தேக்கி வைத்துக்கொண்டு, கேட்டவுடன் சட்டென்று கொடுக்கும்.

எவ்வளவு தேக்கும்? 1 ஃபாரட் கெபாசிட்டர், 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் கொடுக்கக்கூடியது சுமார் 32 ஜூல். நாம் மேலே பார்த்த ஆம்ப்ளிஃபயர் நொடிக்கு 625 ஜூல் கேட்கிறது. ஆகவே முழு உச்சத்தில் அந்த 32 ஜூல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். பக்கத்தில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 15 லட்சம் ஜூல் இருக்கிறது!

வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் என்பது குழாய்த் தண்ணீர். பேட்டரி என்பது குளியலறை டிரம். கெபாசிட்டர் என்பது அடுப்பங்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சொம்பு. அவசரத்துக்குச் சொம்பு மிகவும் வசதி. ஆனால் அதை நிரப்பவும் அதே குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதனால் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் சராசரித் தேவைக்குப் போதுமானவையாக இருந்து, கண நேர உச்சத்தில் மட்டும் வோல்ட் லேசாக இறங்கினால் கெபாசிட்டர் உதவும். பாட்டு முழுக்க விளக்கு மங்கிக்கொண்டே இருந்தால் அது உதவாது. அங்கே நோய் வேறு.

முதலில் பார்க்க வேண்டியவை ஒயரும் எர்த்தும்

டிக்கி வரை 5 மீட்டர் ஒயர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 45 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 0.65 வோல்ட் காணாமல் போகும். அதுவே 25 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.16 வோல்ட்தான். மலிவு விலை கிட்டில் வரும் ஒயர் தடிமனாகத் தெரியும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே அலுமினியம், மேலே தாமிர முலாம். வாங்கும்போதே முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள்.

எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேல் முடுக்கினால் பயன் இல்லை. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சினுக்கும் பாடிக்கும், பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் உள்ள எர்த் பட்டைகளையும் சுத்தம் செய்யுங்கள். பல வண்டிகளில் ஹெட்லைட் மங்குவது இதிலேயே பாதி சரியாகிவிடும்.

மிக முக்கியமானது ஃப்யூஸ். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டுமே காக்கும். வழியில் ஒயர் உராய்ந்து பாடியில் பட்டால், பேட்டரி தன் முழுச் சக்தியையும் அந்த இடத்தில் கொட்டி ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பின் சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

கெபாசிட்டர் போடுவதானால்

ஆம்ப்ளிஃபயருக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள் பொருத்துங்கள். தூரத்தில் வைத்தால் சொம்பை மொட்டை மாடியில் வைத்த கதைதான். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மாறினால் வெடிக்கும்.

காலியான கெபாசிட்டரை நேரடியாக இணைத்தால் பெரிய தீப்பொறி பறக்கும். அதனால் கெபாசிட்டரின் மைனஸை எர்த்தில் முடுக்கிவிட்டு, பிளஸ் ஒயருக்கும் கெபாசிட்டரின் பிளஸுக்கும் நடுவில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைப் பிடியுங்கள். முதலில் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி அணையும். அணைந்தால் கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, இனி ஒயரை முடுக்கலாம். கழற்றும்போது ஒயரை எடுத்தபின், அதே பல்பைக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் பிடித்துக் காலி செய்யுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் நிரம்பிய கெபாசிட்டரின் குறுக்கே ஸ்பேனரோ மோதிரமோ பட்டால் தோல் வெந்துவிடும்.

கெயின் என்பது வால்யூம் அல்ல

நம் சங்க விழாவில் மைக் செட்காரரைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய குரலில் பேசுபவர் வந்தால் அவர் லெவலைக் கூட்டுவார், கணீரென்று பேசுபவர் வந்தால் குறைப்பார். ஆம்ப்ளிஃபயரின் கெயினும் அந்த வேலைக்குத்தான். ஒரு ஸ்டீரியோ 2 வோல்ட் சிக்னல் கொடுக்கும், இன்னொன்று 4 வோல்ட் கொடுக்கும். அதற்கேற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதுதான் கெயின். கடைசி வரை திருகினால் வாட் கூடாது. இரைச்சலும் ஆல்டர்னேட்டரின் முனகலும்தான் கூடும்.

அதைவிடக் கேடு ஒன்று உண்டு. அளவுக்கு மீறினால் ஒலி அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். முழுவதும் தட்டையான அலையில், அதே உயரமுள்ள நல்ல அலையைப் போல் இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் 200 வாட்டை நெருங்கும். ஸ்பீக்கர் சுருள் கருகுவது பெரும்பாலும் இதனால்தான். ஹெட்லைட் மங்குவதற்கும் இது ஒரு காரணம். கெயினை ஒழுங்காக வைத்தபின் கெபாசிட்டரே தேவைப்படாத வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வைக்கும் முறை இது:

1. எஞ்சினை ஓட விடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய கராஜில் வேண்டாம்.

2. பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். கெயினைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டு வாருங்கள்.

3. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள்.

4. முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை பென் டிரைவில் ஏற்றி ஓட விடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைச் சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டது. அதிர்வெண் கூடினால் மலிவு மீட்டர் தவறாகக் காட்டலாம். முன் ஸ்பீக்கர் சேனலை அளக்கும்போது ஃபில்டரை அணைத்துவிடுங்கள், முடிந்தபின் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

5. ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள்.

6. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் வரும். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. அந்த எண் வரும் வரை கெயினை மெதுவாகத் திருப்புங்கள். அங்கே நிறுத்திவிடுங்கள்.

7. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்பீக்கரை இணையுங்கள். இனி வால்யூம் முக்காலைத் தாண்ட வேண்டாம்.

கணக்குக்கு எடுக்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே, அதுவும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டில் எது குறைவோ அது. டேப் ரெக்கார்டர் காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்களே, அதே வியாபாரம் இன்றும் 'மாக்ஸ் பவர்' என்ற பெயரில் நடக்கிறது. ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட் × 4 என்று போட்டிருந்தாலும், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது சேனலுக்கு 20 வாட் அளவுதான்.

மீட்டர் இல்லையென்றால், நன்கு பழகிய பாட்டு ஒன்றை முக்கால் வால்யூமில் வைத்துக் கெயினைக் கூட்டுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து நன்றாகப் பின்வாங்கி நிறுத்துங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மூடிய காரில் 100 டெசிபல் வருவது பெரிய காரியமே இல்லை.

செலவழிக்கும் வரிசை

இளைஞர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் கெயினைச் சரிசெய்யுங்கள், அதற்குக் காசு இல்லை. அடுத்து எர்த்தும் இணைப்புகளும், அதற்கு உப்புத்தாளும் அரை மணி நேரமும் போதும். பிறகு தரமான தாமிர ஒயரும் ஃப்யூஸும். அதன்பின் பேட்டரியைக் கடையில் லோடு வைத்துச் சோதியுங்கள். அப்போதும் விளக்கு மங்கினால் ஆல்டர்னேட்டர் போதவில்லை என்று அர்த்தம், சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு மாறுவதே புத்திசாலித்தனம். இத்தனையும் சரியாக இருந்து கண நேரத் துடிப்பு மட்டும் மிச்சமிருந்தால் கெபாசிட்டர் வாங்குங்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குக் கிளம்புகிறவர்கள், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த வரிசைப்படி பார்த்துவிடுங்கள்.