பழைய காரில் எஞ்சின் மாற்றமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும்

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் சூடான புகையை ஒன்றுசேர்த்து, சைலன்சருக்குச் செல்லும் குழாயில் விடும் குழாய்த் தொகுதி ஆகும். பழைய காரில் வேறு எஞ்சினைப் பொருத்துவோர் பலர் கடைசியாகவே இதைப் பற்றி நினைக்கின்றனர். ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் இங்குதான் எழுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

பிரிட்டனின் எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. அதன் 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின், நம் நாட்டு அம்பாசடர் காரின் 1489 சி.சி. எஞ்சினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்காரில் ரோவர் நிறுவனத்தின் 3528 சி.சி. வி8 எஞ்சினைப் பொருத்துவது ஆர்வலர்களிடையே புகழ்பெற்ற மாற்றம். 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே இத்தகைய காரை விற்றது.

இடநெருக்கடி

பழைய எஞ்சினில் புகை ஒரே பக்கமாக வெளியேறும். வி8 எஞ்சினிலோ இரு பக்கமும் வெளியேறும். எனவே இரண்டு மேனிஃபோல்டுகள் தேவை. வலப்பக்க ஓட்டுநர் இருக்கை கொண்ட காரில், வலப்பக்க மேனிஃபோல்டின் அருகிலேயே ஸ்டியரிங் தண்டு செல்கிறது. இதனால் எஞ்சினை ஒட்டி அமையும் ஒடுக்கமான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொரு வழி, சக்கரத்தின் உட்புறத் தகட்டில் துளையிட்டுக் குழாயை வெளியே கொண்டுசெல்வது. 1990களில் வந்த எம்.ஜி. ஆர்.வி8 காரில் இம்முறையே பின்பற்றப்பட்டது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் ஓடும்போது அசையும். நிற்கும்போது இடிக்காத குழாய் ஓடும்போது இடிக்கலாம். ஆகவே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், எஞ்சினை அசைத்தும் இடைவெளியைச் சோதிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

1. சிலிண்டர் ஹெட்டின் முகப்பைச் சுத்தம் செய்து, நேர்விளிம்புச் சட்டம் கொண்டு சமதளமா எனப் பார்க்க வேண்டும்.
2. புதிய கேஸ்கட் வைத்து, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் திருக வேண்டும்.
3. நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.
4. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, முழுதும் ஆறிய பின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ரோவர் வி8 எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை அழிந்துவிடும். கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்குவதே முறை.

வெப்பத்தின் விளைவு

அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2.7 மி.மீ. நீளும். இதற்கு இடம் தராமல் குழாயை இழுத்துக் கட்டினால் விரிசல் விழும். பிரேக் ஆயில் குழாய் அருகில் இருந்தால் ஆயில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. இடையே வெப்பத் தடுப்புத் தகடு வைப்பது அவசியம்.

கசிவும் ஆபத்தும்

குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் 'டிக் டிக்' என ஒலித்து, சூடேறியதும் அடங்கினால் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். இணைப்பருகே கரி படிந்திருப்பதும் ஓர் அடையாளம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது காருக்குள் புகுந்தால் பயணிப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரிடும். எனவே கசிவை முழுமையாக அடைத்த பின்னரே காரைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.