ஏழு ஸ்தாயி ஏறியும் சேராத எண்

பெரிய எண்களுக்குப் பெரிசாக இருப்பதைத் தவிர வேறென்ன சிறப்பு என்று களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்: 531,441.

மூன்றின் பன்னிரண்டாம் வலு இது. 729இன் வர்க்கமும் இதுவே, 81இன் கனமும் இதுவே. 27இன் நான்காம் வலு, 9இன் ஆறாம் வலு என்று பார்த்தாலும் இதுவே. ஆனால் நான் இதை விரும்புவது யாழ் நரம்பில் இது காட்டும் பிடிவாதத்துக்காக.

நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் குரலுக்கு இளி பிறக்கும். இன்றைய வழக்கில் சட்ஜத்துக்குப் பஞ்சமம். மீடிறன் ஒன்றரை மடங்காகும். பாதியை மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். மீடிறன் இரு மடங்கு. இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு படி ஏறினால், பன்னிரண்டு சுரத்தானங்களையும் தொட்டு, ஏழு ஸ்தாயி மேலே தொடங்கிய சுரத்துக்கே வந்துசேர வேண்டும். காது அப்படித்தான் எதிர்பார்க்கிறது. கணக்கு இணங்குவதில்லை. பன்னிரண்டு ஒன்றரைகளைப் பெருக்கினால் ஏறத்தாழ 129.75; ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128. பின்னம் நீக்கி எழுதினால் ஒரு பக்கம் 531,441, மறுபக்கம் இரண்டின் 19ஆம் வலுவான 524,288. வளவைச் சுற்றிக் கிடுகு வேலி அடைத்து வரும்போது கடைசிக் கிடுகு முதற் கிடுகின்மேல் ஏறிக்கிடப்பதுபோல 7,153 மிஞ்சி நிற்கிறது.

மேலும் ஏறினாலும் இது தீராது. மூன்றை எத்தனை தரம் பெருக்கினாலும் ஒற்றை எண்தான், இரண்டைப் பெருக்கினால் இரட்டைதான், பிறகெப்படிச் சமமாகும்? அதனால்தான் கீபோர்டில் ஒவ்வொரு பஞ்சமத்தையும் 1.5இலிருந்து 1.4983 ஆகக் குறைத்து, மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பங்கிட்டுவிடுகிறார்கள்.

நரம்பையும் எண்ணையும் ஒன்றாகப் படித்தவர் நம் மண்ணிலேயே இருந்தார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராக இருந்து, பின்னர் தமிழ்ப் பேராசிரியரானவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் ‘இசை நரம்பியல்’ என்றே ஓர் இயல் உண்டு. அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்த இயலைத் திறப்பவர்கள் மிகக் குறைவு. இசை படிப்பவர்கள் கணக்கென்று அதைத் தாண்டிப்போகிறார்கள், கணக்குப் படிப்பவர்கள் இசையென்று விட்டுவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய மனவருத்தம். கல்லடி சிவானந்த வித்தியாலய வளவிலுள்ள அவர் சமாதிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் ஆசிரியர்கள், பூவோடு ஒரு நரம்பையும் அடிமட்டத்தையும் கொண்டுபோகலாமே.

மடக்கை படித்த வகுப்பென்றால் பன்னிரண்டோடு நிற்கவேண்டாம், 53 படி ஏறச் சொல்லுங்கள். இப்போது மோதுவது மூன்றின் 53ஆம் வலுவும் இரண்டின் 84ஆம் வலுவும். இரண்டுமே 26 இலக்க எண்கள். கல்குலேட்டரின் மடக்கைப் பொத்தான் போதும். பன்னிரண்டாம் படியில் நூற்றுக்கு ஒன்றரையை நெருங்கி நின்ற மிச்சம், இங்கே ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.