மீன் முட்டைகளும் விண்வெளிப் பிரயாணமும்

மீன்குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து தூரத்துக் குளங்களுக்குக் கொண்டு செல்வதில் நேரும் நஷ்டத்தை மீன் வளர்ப்போர் யாவரும் அறிவர். வழியிலுண்டான குலுக்கம், நீரின் உஷ்ணம், பிராணவாயுக் குறைவு ஆகியவற்றுள் எதனால் குஞ்சுகள் மடிந்தன என்பது பல சமயங்களில் விளங்குவதில்லை. பிரான்சு தேசத்து நிபுணர்கள் இக்கேள்வியையே சந்திரமண்டலப் பிரயாணத்தைக் குறித்து எழுப்பி, அதனை ஆராய்ந்த முறை நம் குடியானவர்களும் அறியத்தக்கதாகும்.

சந்திரனில் மனிதர் நெடுங்காலம் தங்க வேண்டுமாயின், ஆகாரம் முழுவதையும் பூமியிலிருந்தே அனுப்பிக் கொண்டிருத்தல் மிகுந்த செலவை உண்டாக்கும். மீனோ உயர்ந்த மாமிசச் சத்துள்ள உணவு. ஆடுமாடுகளை நோக்க, குறைந்த பிராணவாயுவைக் கொண்டே ஜீவிப்பது. அதன் கழிவு பயிர்களுக்கு உரமாகும். ஆயினும், வளர்ந்த மீன்களை நீருடன் ஏற்றிச் செல்லுதல் பெரும் பாரமாம். ஆகவே, சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனேயுள்ள சினை முட்டைகளை அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பொரிக்கச் செய்வதே உசிதமென்று கருதப்பட்டது.

மீன்கள் விண்வெளிக்குச் செல்வது புதிதன்று. 1973-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்துக்குச் சென்ற இரண்டு சிறு மீன்கள், பாரமற்ற நிலையில் மேல் கீழ் அறியாமல் முதலில் சுழன்று சுழன்று நீந்தின. அங்கேயே முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளோ இயல்பாக நீந்தின. 1994-ம் ஆண்டில் ஜப்பானிய மெடாக்கா மீன்கள் விண்கலத்திலேயே இணைந்து முட்டையிட, அவை பொரிக்கவும் செய்தன. ஆனால் இவை உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் இனங்களல்ல.

இக்குறையை நீக்கும் பொருட்டு, இஃப்ரமெர் என்னும் பிரெஞ்சுக் கடலாராய்ச்சி ஸ்தாபனத்தார் இரண்டு பண்ணை மீன்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று ஐரோப்பிய ஸீ பாஸ். மற்றொன்று நம் கத்தாளை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மீகர். ருஷிய சோயூஸ் ராக்கெட்டு மேலெழும்பும்போது உண்டாகும் அதிர்ச்சியைப் போன்றதொரு அதிர்ச்சிக்கு, இம்முட்டைகளைப் பூமியிலேயே ஓர் இயந்திரத்தின் மூலம் உட்படுத்தினர். அதே சினையில் ஒரு பாகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அசைக்காமல் வைத்துக் கொண்டனர். 2020-ம் ஆண்டில் பிரசுரமான முடிவு வருமாறு: ஸீ பாஸில் அதிர்வுற்றவை நூற்றுக்கு 76-ம், அசையாதவை 82-ம் பொரித்தன, மீகரில் அதிர்வுற்றவை 95-ம், அசையாதவை 92-ம் பொரித்தன.

அதிர்ச்சி மீகருக்கு நன்மை செய்ததென்று இதனால் கொள்ளலாகாது. ஒரே மாதிரியான இரு பாத்திகளின் விளைச்சலிலும் இத்தகைய சிறு பேதம் காணப்படுவதுண்டு. ராக்கெட்டின் குலுக்கம் ஒன்றே இம்முட்டைகளைப் பெருவாரியாக அழித்துவிடாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு. பாரமற்ற நிலை, விண்வெளிக் கதிர்கள் ஆகிய மற்ற இடையூறுகளையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

இடையூறுகளை ஒன்றோடொன்று கலவாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததும், ஒரு பாகத்தை ஒப்பீட்டுக்கென வைத்துக் கொண்டதுமே இப்பரிசோதனையின் சிறப்பு. நமது ஏரி குளங்களில் குஞ்சு விடுவோரும், அதனை மேற்பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்களும் இம்முறையைச் செலவின்றிக் கையாளலாம். குஞ்சுகளை அனுப்பும்போது, அதே தொகுதியில் சிலவற்றை அதே விதமான பையில், அதே அளவு நீரும் பிராணவாயுவும் இட்டு, பொரிப்பகத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். இரு திறத்தனவும் மடிந்தால், குற்றம் குஞ்சிலோ, நீரிலோ, பையில் அடைத்த விதத்திலோ இருத்தல் கூடும். பிரயாணம் செய்தவை மட்டும் மடிந்தால், வழியிலுண்டான உஷ்ணத்தையும் குலுக்கத்தையும் கவனிக்க வேண்டும். காரணம் இன்னதென்று தெரிந்த நஷ்டத்தையே அடுத்த பருவத்தில் தடுக்க இயலும்.