யாரைப் பொறுத்து?

வகுப்பறைச் சொற்கள் – 9

"ஓடுற பஸ் எப்படி சார் நிலைமக் குறிப்பாயம் ஆகும்? அதுதான் நிக்கலையே!"

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'இனெர்ஷியல் ரெஃபரன்ஸ் ஃபிரேம்' என்பதன் தமிழ்ச் சொல்லைக் காதில் விழுந்தபடியே அவள் புரிந்துகொண்டிருந்தாள். 'நிலைமம்' என்றதும் 'நிலையாக நிற்பது' என்றுதானே தோன்றும்? இருக்கும் நிலை மாறாமல் தொடர்வது என்பதுதான் அதன் பொருள். நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஓடும் பஸ்ஸுக்குள் நாணயத்தைச் செங்குத்தாகச் சுண்டினால் அது கைக்கே திரும்பும். வகுப்பறையில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கும் கணத்தில்தான் பஸ் நிலைமக் குறிப்பாயம் என்ற தகுதியை இழக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் நிலைமத்துக்குச் 'சடத்துவம்' என்று பெயர். நிற்பது என்ற மயக்கம் அங்கே இல்லை. ஆனால் உயிரற்ற சடம் நினைவுக்கு வரும். மூலமான 'இனெர்ஷியா'வும் லத்தீனில் சோம்பலைக் குறித்த சொல்தான். எந்த மொழிக்கும் இது சுலபமாக வாய்க்கவில்லை.

பொருள் முந்திக்கொண்டது, பெயர் பிந்தித்தான் வந்தது. சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் இருப்பவருக்குக் கப்பல் ஓடுவது தெரியாது என்று கலிலியோ எழுதியது 1632இல். நியூட்டனின் விதிகள் 1687இல். கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் 'ரெஃபரன்ஸ் ஃபிரேம்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1884இல். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் லுட்விக் லாங்கே 'இனெர்ஷியல்' என்ற அடைமொழியைத் தந்தார்.

'குறிப்பாயம்' என்பதில் இன்னொரு சிக்கல். ஆய அச்சுகளைக் கணக்கு வகுப்பில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, குறிப்பாயம் என்றால் பலகையில் வரைந்த இரண்டு கோடுகள். கோட்டைச் சாய்த்து வரைந்தால் குறிப்பாயம் மாறிவிட்டதென்று எழுதுகிறான். பஸ்ஸின் தரையில் அச்சை நீளவாக்கில் வரைந்தாலும் மூலைக்கு மூலை வரைந்தாலும் குறிப்பாயம் ஒன்றே. அதே அச்சைச் சாலையில் வரைந்தால் மாறிவிடும். 'சட்டகம்' என்று சொல்லிப் பார்த்தேன். புகைப்படத்துக்குச் சட்டம் போட்டார்கள். 'பார்வையாளர்' என்றேன், கண்ணுக்குத் தெரிவதா, தெரியாததா என்று விவாதித்தார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது 'போலி விசை'. வளைவில் பஸ் திரும்பும்போது பக்கத்து சீட்காரர் மேல் நாம் சாய்கிறோமே, அந்த விசைக்கு வைத்த பெயர். அதைச் செலுத்தும் பொருள் எதுவும் இல்லை என்பதால் 'போலி'. பஸ்ஸோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறவருக்கு அது இல்லாமல் விடை வராது. சுழலும் பூமியும் அப்படி ஒரு பஸ்தான். வங்கக் கடல் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவது கொரியாலிஸ் விசையால். அதுவும் இதே 'போலி' வரிசையில் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவையும் முந்திரியையும் பறிகொடுத்த கடலூர்க்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்! 'நிலைம விசை' என்ற பெயர் எவ்வளவோ மேல்.

தேர்வில் கேட்பார்கள் என்பதால் 'குறிப்பாயம்' என்ற பாடநூல் சொல்லைக் கைவிட முடியாது. ஆனால் முதல் நாளே அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். நம் பேச்சிலேயே 'பொறுத்து' என்று ஒரு சொல் இருக்கிறது. "சாலையைப் பொறுத்து கண்டக்டரின் வேகம் என்ன? பஸ்ஸைப் பொறுத்து?" என்று ஒரு வாரம் கணக்குப் போடவைக்கிறேன். அதன்பின், "இந்தப் 'பொறுத்து'க்கு முன்னால் எதை வைக்கிறோமோ, அதுதான் குறிப்பாயம்" என்றால் விளக்கமே தேவைப்படுவதில்லை.

அந்த மாணவி மறு வாரம் தானாகவே திருத்திக்கொண்டாள்: "பஸ் நிக்கலை சார், சாலையைப் பொறுத்து. பஸ்ஸைப் பொறுத்து நான் நிக்கிறேன்."

(அடுத்த வாரம்: வேகமா, திசைவேகமா?)