யோசெமிட்டி: காட்சிமுனைகள் காட்டும் நில வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்துள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கு, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடங்களில் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்ட சிறிய நிலப்பகுதியே ஆகும். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,200 மீட்டர் மேலே உள்ள அதன் தளத்தில் மெர்செட் ஆறு பைன் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து மேற்கு நோக்கிச் செல்ல, இருபுறமும் கருங்கல் சுவர்கள் பல இடங்களில் 900 மீட்டருக்கும் மேலாக நிமிர்ந்து நிற்கின்றன. அருவிகளும் பாறைமுகடுகளும் இவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கும் இடம் உலகில் அரிது என்பதால் இங்குள்ள காட்சிமுனைகள் பெரும்புகழ் பெற்றுள்ளன. அந்தக் காட்சிமுனைகளின் மதிப்பு அழகோடு முடிந்துவிடவில்லை. இப்பள்ளத்தாக்கு எவ்வாறு உருவாயிற்று என்ற கேள்விக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு சான்றைக் கண்முன் வைக்கின்றன. எந்த ஓர் இடத்திலிருந்தும் முழு விடையும் கிடைப்பதில்லை என்பதே இப்பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்ப்பதற்குப் பொருள் தருகிறது.

தெற்கிலிருந்து வருவோருக்கு முதற்காட்சியைத் தருவது 'டனல் வியூ' என்னும் இடம். 1933இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள வவோனா சுரங்கப்பாதையின் கிழக்கு வாயிலில் அது அமைந்துள்ளது. அங்கு நின்று நோக்கினால் இடப்புறம் எல் கேப்பிட்டன் பாறைச்சுவரும், வலப்புறம் பிரைடல்வெய்ல் அருவியும், தொலைவில் அரைக்கோள வடிவிலான ஹாஃப் டோம் குன்றும் ஒரே பார்வையில் அடங்கும். இக்காட்சியில் முதலில் கவனிக்க வேண்டியது அருவி தொடங்கும் இடம். 188 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த ஓடை, தனக்கென ஒரு சிறு பள்ளத்தாக்கின் வழியே வந்து, பெரும்பள்ளத்தாக்கின் சுவரில் பாதி உயரத்தில் திடீரென நிலம் முடிந்துபோனதால் காற்றில் பாய்கிறது. பெரிய பள்ளத்தாக்கோடு சமதளத்தில் சேராமல் உயரத்திலேயே நின்றுவிட்ட இத்தகைய கிளைப் பள்ளத்தாக்கை நிலவியலார் 'தொங்கு பள்ளத்தாக்கு' என்பர். மலைச்சரிவிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டிப் பெருக்காகிய பனியாறு, முதன்மைப் பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்து அகலப்படுத்தியபோது, சிறிய ஓடைகளால் அதற்கு ஈடாகத் தம் படுகையை அறுத்துக்கொள்ள இயலவில்லை. மூன்று கட்டங்களாக மொத்தம் 739 மீட்டர் இறங்கும் யோசெமிட்டி அருவிக்கும் அடிப்படை இதுவே.

எல் கேப்பிட்டன் பாறை சொல்லும் செய்தி வேறு. தளத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் செங்குத்தாக எழும் இப்பெரும்பாறை, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் உண்டான கருங்கல்லால் ஆனது. கருங்கல் எவ்வளவு உறுதியாக இருப்பினும், அதனூடே ஓடும் இயற்கை விரிசல்களே அதன் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. எல் கேப்பிட்டனில் விரிசல்கள் மிகக் குறைவாகையால் பனியாற்றால் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்க முடியவில்லை. அதற்கு மேற்கே அடுத்தாற்போல் உள்ள பகுதியிலோ விரிசல்கள் நெருங்கி அமைந்த வேறுவகைப் பாறை உடைந்து, கற்குவியலாகச் சரிந்து கிடக்கிறது. எல் கேப்பிட்டனின் கிழக்கு முகத்தைத் தொலைநோக்கியால் உற்றுப் பார்த்தால், வெளிறிய கருங்கல்லின் நடுவே வட அமெரிக்கக் கண்டத்தின் வரைபடத்தை ஒத்த கரிய திட்டு ஒன்று தெரியும். அது முந்தைய பாறை இறுகிய பின் அதன் பிளவுகளுக்குள் புகுந்து உறைந்த இன்னொரு பாறைக்குழம்பின் எச்சம்.

இச்சான்றுகள் எவ்வாறு பொருள் பெற்றன என்பதற்குப் பின்னால் நீண்ட விவாதம் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் அரசு நிலவியலாளராக இருந்த ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தளம் ஏதோவொரு பேரழிவில் அப்படியே கீழே அமிழ்ந்துவிட்டது என்று கருதினார். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1869ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டுமந்தையுடன் இம்மலைகளுக்கு வந்த ஜான் மியூர், பனியாறுகளே இதைச் செதுக்கின என்று வாதிட்டார். மேல்மலைகளில் அலைந்து, பனி உராய்ந்து மெருகேறிய பாறைகளையும், பனிக்கட்டியில் பதிந்த கற்கள் கீறிய கோடுகளையும் அவர் கண்டார். 1872இல் மெக்ளூர் மலையின் பனியில் கம்புகளை நட்டு, அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்வதை அளந்து, அங்குள்ளது உயிருள்ள பனியாறு என்று நிறுவினார். எனினும் மியூரின் விடையும் முழுமையானதன்று. 1930இல் வெளியான பிரான்சுவா மத்தேஸ் என்பவரின் விரிவான ஆய்வு, மலைத்தொடர் உயர்ந்தபோது மெர்செட் ஆறே முதலில் ஆழமான பள்ளத்தாக்கை அறுத்தது என்றும், பின்னர் பலமுறை வந்த பனியாறுகள் அதை அகலப்படுத்திச் சுவர்களைச் செங்குத்தாக்கின என்றும் காட்டியது. ஆறும் பனியும் விரிசல்களும் சேர்ந்து செய்த வேலை இது என்பதே இன்றைய பொதுவான முடிவு.

கீழே இறங்கிப் புல்வெளிகளில் நிற்பவர் மற்றொரு வியப்பை உணரலாம். இவ்வளவு செங்குத்தான சுவர்களுக்கு நடுவே தளம் ஏறக்குறைய மட்டமாக இருக்கிறது. கடைசியாக வந்த பனியாறு பிரைடல்வெய்ல் புல்வெளி அளவிலேயே நின்று, தான் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் குறுக்கு மேடுகளாகக் குவித்துவிட்டுப் பின்வாங்கியது. 'மொரேன்' எனப்படும் இத்தகைய மேடு ஒன்று அணைபோல் நீரைத் தடுத்ததால் உண்டான ஏரி, ஆறு கொண்டுவந்த வண்டலால் நாளடைவில் நிரம்பித் தூர்ந்தது. நில அதிர்வலைகளைக் கொண்டு செய்த அளவீட்டின்படி, இன்றைய தளத்துக்கு அடியில் சில இடங்களில் சுமார் 600 மீட்டர் ஆழத்துக்கு வண்டலும் மணலும் நிரம்பியுள்ளன. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தாக்கைப் போலவே தெரியாத பள்ளத்தாக்கும் ஆழமானது. ஹாஃப் டோமின் அடியிலுள்ள மிரர் ஏரி, ஆண்டுதோறும் மணல் சேர்ந்து புல்வெளியாக மாறிவருவதன் வாயிலாக, இதே நிகழ்ச்சியைச் சிறிய அளவில் இன்றும் நடத்திக் காட்டுகிறது.

தளத்துக்கு மேல் 975 மீட்டர் உயரத்தில் உள்ள கிளேசியர் முனை, பரந்த காட்சியைத் தரும் இடம். கிழக்கே நெவாடா அருவியும் வெர்னல் அருவியும் முறையே 181, 97 மீட்டர் உயரமுள்ள இரு பெரும்படிகளாக இறங்குவதையும், எதிர்ச் சுவரில் 'ராயல் ஆர்ச்சஸ்' என்னும் வளைவுகளையும் அங்கிருந்து காணலாம். மேலே அழுத்திய சுமை நீங்கியதும் கருங்கல் விரிவடைந்து, வெங்காயத்தின் தோல் கழல்வதுபோல் ஏடு ஏடாகப் பிரிவதைப் 'பாறை உரிதல்' என்பர்; அவ்வளைவுகளும், குன்றுகளின் உருண்ட முதுகுகளும் அதன் விளைவுகள். பனியாறு ஒரு முழுக்கோளத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை இழுத்துச் சென்றது என்று ஹாஃப் டோமைப் பற்றிப் பலர் நம்பினர். கிளேசியர் முனையிலிருந்து சற்றே தெற்கேயுள்ள வாஷ்பர்ன் முனையிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால், அக்குன்று மெல்லிய முகடாகத் தெரிந்து அந்நம்பிக்கையைத் தகர்த்துவிடும். பனி உச்சத்தில் இருந்த காலத்திலும் ஹாஃப் டோமின் தலை பனிக்கு மேலேயே இருந்தது; செங்குத்தான விரிசல்களின் வழியே பாறை உடைந்து விழுந்ததால்தான் அதன் வடமேற்கு முகம் தட்டையாயிற்று.

இந்தச் செதுக்கல் இன்னும் முடிந்துவிடவில்லை. 1872 மார்ச் மாதம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது, சுவர்களிலிருந்து பாறைகள் இடிந்து சரிவதை மியூர் நேரில் கண்டு, அடிவாரக் கற்குவியல்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை விளக்கினார். 1996 ஜூலையில் ஹாப்பி ஐல்ஸ் பகுதியில் விழுந்த பாறை கிளப்பிய காற்று வேகமே நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

மண்ணும் கல்லும் போலவே காடும் காட்சியை உருவாக்குகிறது. அதில் மனிதருக்குப் பங்கு உண்டு. பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்த அவானீச்சீ மக்கள், கருவாலி மரத்தின் கொட்டைகளை முதன்மை உணவாகக் கொண்டிருந்ததால், காலந்தோறும் தரைப்புல்லுக்கும் புதருக்கும் அளவாகத் தீயிட்டு, கருவாலித் தோப்புகளையும் திறந்த புல்வெளிகளையும் பேணிவந்தனர். 1851இல் குடியேறிகளைக் கொண்ட மரிபோசா படைப்பிரிவு உள்ளே புகுந்து அவர்களை வெளியேற்ற முற்பட்டது. பின்னர் அவர்களுடைய தீ வழக்கமும் நின்றதால் பைன் முதலிய ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்து புல்வெளிகள் சுருங்கின. வந்தவர்கள் மனிதக் கை படாத இயற்கை என்று போற்றிய காட்சி, யாருடைய உழைப்பால் அவ்வாறு திறந்திருந்ததோ அவர்களையே அப்புறப்படுத்திய பிறகு மறையத் தொடங்கியது என்பது மறக்கக் கூடாத உண்மை. இன்று பூங்கா நிருவாகம் திட்டமிட்ட தீயையும், காட்சிமுனைகளை மறைக்கும் சில மரங்களை நீக்கும் பணியையும் மேற்கொள்கிறது.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஜூன் 30 அன்று, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் இப்பள்ளத்தாக்கையும் மரிபோசா பெருமரத் தோப்பையும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒதுக்கி, கலிபோர்னியா மாநிலத்தின் பொறுப்பில் விட்டது. சுற்றியுள்ள மலைப்பகுதி 1890இல் தேசியப் பூங்காவாயிற்று. 1906இல் பள்ளத்தாக்கும் அதனுடன் இணைந்தது. 1984இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் அருவிகள் நிறைந்து பாய்கின்றன. ஆகஸ்ட் இறுதிக்குள் யோசெமிட்டி அருவி பெரும்பாலும் வற்றிவிடும். குளிர்காலத்தில் கிளேசியர் முனைக்குச் செல்லும் சாலை பனியால் மூடப்படும். செல்வோர் டனல் வியூவில் முழு உருவத்தையும், புல்வெளியில் தளத்தின் மட்டத்தையும், கிளேசியர் முனையில் மேல்மலைகளின் தொடர்பையும் வரிசையாகக் கண்டால், ஓர் இடத்தில் எழும் ஐயத்தை அடுத்த இடம் தீர்க்கும். அவசரமாக ஒரு முனையில் நின்று படம் எடுத்துத் திரும்புபவருக்குக் கிடைப்பது ஒரு காட்சி மட்டுமே. பாறையையும் நீரையும் காட்டையும், அங்கு வாழ்ந்த மக்களையும் சேர்த்து அறிய முற்படுபவருக்கு, எந்த மலைநாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்கையும் படித்தறியும் முறையையே யோசெமிட்டி கற்றுத் தருகிறது.